விளிம்பிலே குங்குமம்

ஊக்கின் முனை உள்ளே போகிறது. போகக்கூடாது. புதுப் போனின் கண்ணாடிக்கும் அதைச் சுற்றியிருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஊக்கு நுழைய இடமே இருக்கக்கூடாது, ஆனால் நுழைகிறது, நுழைந்து கொஞ்சம் குங்குமத்தைச் சுரண்டிக்கொண்டு வெளியே வருகிறது, நான் அதைப் பஞ்சில் துடைத்துவிட்டு மறுபடியும் நுழைக்கிறேன். காலையில் கடைக்குக் கிளம்பும்போது அவர் எனக்கு விட்டுப்போன வேலை இது. "மாத்தறதுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாளு வசு. ஆளு மத்தியானத்துக்குள்ள புதுசு கொண்டாந்துருவான். அதுக்குள்ள அந்தக் குங்குமத்தை நோண்டி எடுத்துப் போடு. கறை இருந்தா வாங்க மாட்டானாமா." சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வைத்தது நான்தானே, எடுப்பதும் நான்தான் எடுக்க வேண்டும். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற போனைச் சும்மா பெட்டியோடு நீட்டவா முடியும், சாமி படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் வைத்து, சந்தனத்தைக் குழைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பிறகு ஈரத் துணியால் துடைத்து, வேட்டி சட்டையோடும் ஆப்பிளோடும் எடுத்து வந்தேன். பீரோவுக்கு வைத்தேன், வாஷிங் மெஷினுக்கு வைத்தேன், அவருடைய வண்டிக்கு வைத்தேன், அதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. இதற்கு வைத்ததுதான் துடைக்கத் துடைக்க உள்ளே இறங்கிவிட்டது. வலது பக்க விளிம்பில் மேலிருந்து பாதி வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு, வகிடு மாதிரி. குங்குமம் மட்டும் போகாமலிருந்திருந்தால் அங்கே ஒரு இடைவெளி இருப்பது யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கும் தெரிந்திருக்காது. எவ்வளவு பேர் பார்த்தோம், பெட்டியைப் பிரித்ததும் அவர் பார்த்தார், அடுத்த வீட்டு மரகதம் வந்து பார்த்தாள், "கண்ணாடி மாதிரி இருக்குதுங்கக்கா" என்றாள், கண்ணாடிதானே.

மாப்பிள்ளை பார்த்தார். அவர் பார்த்தது வேறு மாதிரி. தாம்பாளத்திலிருந்து எடுத்தார், நன்றி என்று சொன்னாரா, சொல்லியிருப்பார், அவர் எல்லாம் முறையாகச் சொல்லக்கூடியவர், எடுத்து ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் சாய்த்தார், கட்டை விரல் நகத்தை விளிம்பில் வைத்து மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்தார், வலது பக்கம் வந்ததும் நின்றார். அழுத்தினார். கிறீச்சென்று ஒரு சத்தம், புதுச் செருப்பு போடுகிற சத்தம். இன்னொரு தடவை அழுத்தினார், எங்களுக்கெல்லாம் கேட்கட்டும் என்று. பட்டாசுச் சத்தத்துக்கு நடுவிலும் எனக்கு அது கேட்டது. கோபப்படவில்லை. சிரித்தார். பட்டனைத் தொட்டு ஆட்டிப் பார்த்து, "பட்டனும் லூசா இருக்குங்க மாமா" என்றார். போனைத் தாம்பாளத்திலேயே திரும்ப வைத்தார், வெற்றிலை பாக்குக்குப் பக்கத்தில், நேராக, தட்டின் விளிம்புக்குச் சரியாக. "மாத்திக் குடுக்கச் சொல்லுங்க அத்தை. தாரணி இங்கயே இருக்கட்டும். மாத்தி வந்ததும் சொல்லுங்க, ஞாயித்துக்கெழமை வந்து ரெண்டையும் சேத்துக் கூட்டீட்டுப் போறேன்." அதற்கும் சிரித்தார். இவரும் சேர்ந்து சிரித்தார், மாப்பிள்ளை தமாஷ் பண்ணினால் மாமனார் சிரிக்காமல் இருப்பாரா. நானும் சிரித்தேன். என் மகள் தாரணி சிரித்தாளா என்று யோசித்துப் பார்க்கிறேன், அவள் முகத்தை நான் அப்போது பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஐயோ இப்படி ஆகிவிட்டதே என்று. கல்யாணத்தில் பந்தியில் உப்புக் குறைந்தபோதுகூட அவ்வளவு கூசிப்போகவில்லை.

குறை கண்டுபிடிப்பதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை, அது இந்த ஊருக்கே தெரியும். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் வாங்கியதில்லை. தேங்காயைக் காதோரம் ஆட்டிப் பார்ப்பேன், தட்டியும் பார்ப்பேன். பாத்திரக்கடையில் ஒரு டம்ளரின் வாயில் லேசாக ஒரு நெளிசல் இருந்தால் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போய் மாற்றிக்கொண்டு வருவேன், கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே "வாங்கக்கா, எதுல நெளிசல்?" என்பார். அப்படிப்பட்டவள் மாப்பிள்ளை பார்த்தேன். அதையும் ஒடித்துத்தான் பார்த்தேன். கோயமுத்தூரில் அவர் குடியிருந்த வீதியில் இரண்டு பேரை அனுப்பி விசாரித்தோம். குடி இல்லை. கடன் இல்லை. பெண் சகவாசம் இல்லை. கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலை. கீழ் வீட்டுக்காரர் சொன்னாராம், "அந்தத் தம்பி இருக்கற இடமே தெரியாதுங்க, அவ்வளவு சுத்தம்." அந்த ஒரு வார்த்தையில் நான் மயங்கிவிட்டேன். சுத்தம். என் மகள் குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிறவள், தலை சீவிய முடியைச் சுருட்டி ஜன்னலில் செருகுகிறவள், இப்படி ஒருத்தர் அமைந்தால் திருந்துவாள் என்று நினைத்தேன். திருந்திவிட்டாள். தீபாவளிக்கு வந்த அன்று சாயங்காலம் அவள் பாயை மடித்து வைத்ததை நான் பார்த்தேன், நான்கு மூலையையும் ஒன்றோடொன்று சேர்த்து, ஒரு மூலை அரை விரற்கடை விலகியதும் பிரித்து மறுபடியும் மடித்தாள், மறுபடியும் பிரித்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பார்த்தீங்களா உங்க பொண்ண என்று இவரிடம் காட்டினேன். சந்தோஷமாக இருந்தது என்பதை நினைத்தால் இந்த ஊக்கை என் கையிலேயே குத்திக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பஞ்சு சிவந்துவிட்டது, இன்னொன்று எடுக்கிறேன். அடிப்பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நேற்று மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கேட்டேன், ஏன் கண்ணு ஒரு மாதிரி இருக்கிறாய், ஞாயிற்றுக்கிழமை போக வேண்டுமே, பெட்டி எதுவும் எடுத்து வைக்கவில்லையே என்று. அவள் கிளிப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "நான் போகலம்மா" என்றாள். இந்த மாதிரி நேரத்துக்கென்று தாய்மார்களிடம் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, நானும் வரிசையாகக் கேட்டேன். "அடிச்சாரா?" "இல்ல." "குடிச்சுட்டு வராரா?" "இல்லம்மா." "அவங்க அம்மா ஏதாச்சும் சொல்றாங்களா?" "அவங்க ஊர்ல இருக்காங்க, அவங்களுக்கு என்ன." "அப்பறம் என்னதாண்டி?" அவள் ஒரு தலையணை உறையைச் சுருக்கம் போக உதறினாள், உதறினாள், உதறிக்கொண்டே இருந்தாள். "பாத்துட்டே இருக்காரும்மா." பெண்டாட்டியைப் புருஷன் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்காரனா பார்ப்பான் என்று நான் சொன்னேன். சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். அப்புறம்தான் அவள் சொன்னாள், ஒரே குரலில், யார் வீட்டுக் கதையையோ சொல்வது போல. காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது இவள் வாசல் நிலைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். வகிட்டிலிருந்து கால் விரல் வரைக்கும் பார்ப்பாராம். ஒன்றும் சொல்லாமல் போனால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். சரியாக இல்லையென்றால் "போய் மாத்தீட்டு வா" என்பாராம், அவளே கண்டுபிடித்து மாற்ற வேண்டும், எது என்று சொல்ல மாட்டாராம். குரலை உயர்த்தவே மாட்டாராம். கழுவி வைத்த டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாராம். "பாத்ரூம்ல ஒரு முடி கெடந்தாக்கூட போட்டோ எடுத்து வெச்சுக்குவாரும்மா. சாயங்காலம் காபி குடிச்சுட்டுப் பக்கத்துல உக்கார வெச்சு ஒண்ணொண்ணாக் காட்டுவாரு. இது என்ன, இது என்னன்னு கேப்பாரு. நான் சொல்லோணும். பழைய போன்ல படம் தெளிவா இல்லைனு சொல்லீட்டே இருந்தாரு."

தெளிவாக இல்லை என்று. அதற்காகத்தான் இந்தப் போன். எனக்கு அங்கேயே, மாடியில், காலுக்குக் கீழே தரை சுட்டது, செருப்புப் போடாமல் வந்திருந்தேன், சுட்டது தரைதானா என்று இப்போதும் தெரியவில்லை. தீபாவளிக்கு என்ன வேண்டும் என்று இவர் கேட்டபோது மாப்பிள்ளை நகை கேட்கவில்லை, வண்டி கேட்கவில்லை, "இந்த மாடல் போதுங்க மாமா, கேமரா நல்லா இருக்கும்" என்றார், எவ்வளவு சின்ன ஆசை என்று நாங்கள் இரண்டு பேரும் உருகிப்போனோம். ரெண்டு பேரும் ஊட்டி கீட்டி போனால் படம் எடுத்துக்கொள்வார்கள் என்று நான் மரகதத்திடம் பீற்றிக்கொண்டேன். என் பெண்ணின் தலைமுடி குளியலறைத் தரையில் கிடப்பதை இன்னும் தெளிவாக எடுப்பதற்கு நான் சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டியிருக்கிறேன்.

இவரிடம் நேற்றே சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை. "கை நீட்டுனாரா?" என்றார். இல்லை என்றேன். "அப்பறம் என்ன? சுத்தமா இருக்கோணும்னு நெனைக்கறாரு. இதுக்கெல்லாம் போயி அழுவாங்களா. போகப் போகச் சரியாப் போயிரும்." ரசம் ஊற்றச் சொன்னார். இந்த மனிதரோடு இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன், இரும்புக்கடை வைத்திருக்கிறவர், ஆணி, தாழ்ப்பாள், போல்ட்டு, நட்டு. மரை தேய்ந்த போல்ட்டை ஒருத்தன் திருப்பிக் கொண்டுவந்தால் வாயைத் திறக்கவே மாட்டார், தலைக்கு மேலே கையை மட்டும் காட்டுவார். அங்கே பலகை தொங்குகிறது, சிவப்பு எழுத்தில், விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. வந்தவன் அதைப் படித்துவிட்டுப் போய்விடுவான். நேற்று ரசத்தைப் பிசைந்துகொண்டே அவர் கையை உயர்த்தவில்லை, ஆனால் எனக்கு அந்தப் பலகை தெரிந்தது. விற்றால்கூடப் பரவாயில்லை, காசு வாங்குகிறவனாவது கொஞ்சம் கூச்சப்படுவான், நாங்கள் பொருளையும் கொடுத்து, நகையையும் போட்டு, மண்டபத்துக்கும் நாங்களே கொடுத்து, இன்னும் கூச்சமும் எங்களுக்கேதான். சரியாகப் போய்விடுமாம். போனில் இருக்கிற இடைவெளி போகப் போகச் சரியாகிவிடும் என்று இவர் சொல்லியிருக்க வேண்டியதுதானே, அதை மட்டும் ஏன் கடைசி நாளுக்குள் மாற்றத் துடிக்கிறார்? அதைக் கேட்டால் தண்ணீர் கொண்டா என்பார்.

கடைசித் துளியும் வந்துவிட்டது. பஞ்சால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறேன். ஒன்றுமே இல்லை. கறுப்புக் கண்ணாடி, வெள்ளித் தகடு, நடுவில் எதுவும் இல்லாதது போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கே இருந்தது அந்தக் கோடு என்று எனக்கே தேட வேண்டியிருக்கிறது. யாராவது இப்போது வந்து இதில் ஒரு குறை இருக்கிறது என்று சொன்னால் நானே சண்டைக்குப் போவேன், நல்லாத்தானே இருக்கிறது, உனக்கு என்ன வந்தது என்று. மாடியில் நின்று நான் கேட்டதும் அதைத்தான்.

அழைப்பு மணி அடிக்கிறது. தாரணி உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். வந்திருக்கிறவருக்கு நாற்பது வயது இருக்கும், முதுகில் பெரிய பை, நெற்றியில் வேர்வை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாங்க என்றார். பையிலிருந்து புதுப் பெட்டியை எடுத்து நாற்காலியின் மேல் வைத்தார். அதே பெட்டி, அதே படம். "பழசக் காட்டுங்க, செக் பண்ணீட்டு மாத்திக் குடுத்தர்றேன்." கொடுத்தேன். அவரும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அவருடைய போனில் ஏதோ கேள்விகள், ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். கீறல் இல்லை. உடைசல் இல்லை. கறை இல்லை. "நல்லாத்தான இருக்குதுங்கம்மா? எதுக்கு மாத்தறீங்க?" "விளிம்புல சந்து இருக்குதுங்க. அழுத்துனா சத்தம் வரும்." அழுத்தினார். பஞ்சு இழை ஏதாவது மாட்டிக்கொண்டதோ என்னவோ, சத்தம் வரவில்லை. "ஒண்ணுந் தெரியலீங்களே. சரி, உங்களுக்குப் புடிக்கலைன்னா எடுத்துக்கறேன், எனக்கென்னங்க. போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க." என் போனில் நம்பர் வந்திருந்தது. சொன்னால் முடிந்தது. புதுப் பெட்டி என் கையில். இவர் கடையிலிருந்து மாப்பிள்ளைக்குச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை கார் வந்து நிற்கும். ஜன்னல் பக்கம் திரும்புவார், நகத்தை ஓட்டுவார், இந்தத் தடவை நிற்காமல் சுற்றி வந்துவிடும். தாரணி பெட்டியோடு நிலைக்குப் பக்கத்தில் நிற்பாள். ரெண்டையும் சேர்த்து.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று அந்தப் போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சாமி அறைக்குப் போனேன். யோசித்துப் போகவில்லை, கால்தான் போனது. குங்குமச் சிமிழைத் திறந்து, மோதிர விரலை ஆழமாக உள்ளே விட்டு, தீபத்து எண்ணெயில் ஒரு தோய் தோய்த்து, வலது விளிம்பில் மேலிருந்து கீழே வரைக்கும் அழுத்தித் தேய்த்தேன். எண்ணெய் இருந்ததால் சுகமாக இறங்கியது. பட்டனைச் சுற்றியும் தேய்த்தேன். துணியால் மேலே மட்டும் துடைத்தேன். கோடு எழுந்து வந்தது, போன தடவையைவிட நீளமாக, கீழ் மூலை வரைக்கும். அவ்வளவு தூரமா இருந்தது? கொண்டுபோய் நீட்டினேன். "இப்பப் பாருங்க. தெரியுதுங்களா?" அவர் போனைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், பைத்தியமோ என்று ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "என்னங்கம்மா இப்படிப் பண்ணீட்டீங்க! இப்பத்தானுங்க நல்லா இருந்துச்சு!" "நல்லா இல்லீங்க. தெரியாம இருந்துச்சு." "அதுக்குன்னு... இதை இனி எடுக்க மாட்டாங்கம்மா. நான் ரிஜெக்ட் போடோணும்." "போட்டுக்கங்க." "இன்னைக்கு விட்டா மாத்தவே முடியாதுங்க." "தெரியுமுங்க." பாவம், நல்ல மனிதர், போகும்போதும் படியில் நின்று வேண்டுமானால் துடைத்துத் தாருங்கள், காத்திருக்கிறேன் என்றார். நான் கதவைச் சாத்திவிட்டு, அவர் திருப்பித் தந்த போனை மேஜையில் வைத்தேன்.

இவர் கடையிலிருந்து போனில் கூப்பிட்டார். "மாத்தியாச்சா?" "இல்லீங்க. கறை இருக்குதுன்னு வாங்கல." "நோண்டி எடுக்கச் சொன்னேனல்ல!" "எடுத்தனுங்க. நாந்தான் மறுபடியும் வெச்சேன்." அந்தப் பக்கம் யாரோ தாழ்ப்பாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருச்சா? மாப்பிள்ளைக்கு நான் என்ன சொல்லுவேன்?" "போனு மாறுனா ரெண்டையும் கூட்டீட்டுப் போறேன்னாரு. மாறலைன்னு சொல்லுங்க." "வசு, வெளையாடாத. கட்டிக் குடுத்த புள்ளைய வீட்டுல வெச்சுட்டு நாளைக்கு நாலு பேரு மூஞ்சீல முழிக்கோணும்." "அப்ப உங்க கடைப் பலகையக் கழட்டிக் கொண்டாந்து நம்ம வாசல்ல மாட்டீருங்க. புள்ளையும் படிச்சுட்டுப் போயிரட்டும்." வைத்துவிட்டேன். சாயங்காலம் வருவார், கத்துவார், மாப்பிள்ளை போன் பண்ணுவார், கத்த மாட்டார், அதுதான் பயமாக இருக்கிறது. என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. ஒரு போனைக் கெடுத்திருக்கிறேன், அவ்வளவுதான் இப்போதைக்கு.

உள் அறைக் கதவு திறக்கிறது. தாரணி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன், நினைத்ததற்காக வெட்கப்படவில்லை, எந்தத் தாயும் நினைப்பாள். அவள் என்னைத் தாண்டிப் போய் மேஜையிலிருந்த போனை எடுத்தாள். "அய்யோ, ஏம்மா இப்படிப் பண்ணுன? அவரு பாத்தாருன்னா..." துப்பட்டா முனையை விரலில் சுற்றிக்கொண்டு, கண்ணாடியில் ஊதி, துடைக்கிறாள். ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் சாய்க்கிறாள். கட்டை விரல் நகத்தை விளிம்பில் ஓட்டிக்கொண்டே வருகிறாள், வலது பக்கத்தில் நிற்கிறாள், ஊதுகிறாள், மறுபடியும் துடைக்கிறாள், மறுபடியும் சாய்க்கிறாள். "விடு கண்ணு" என்கிறேன். விடவில்லை. "விட்டுரு சாமி, அது போகாது, எண்ணெய் போட்டுத் தேச்சிருக்கறேன்." கேட்கவில்லை, அவள் உதடு ஏதோ எண்ணுவது போல அசைகிறது. பிறகு போனை என்னிடம் நீட்டிவிட்டு, நடந்து போய், வாசல் நிலைக்குப் பக்கத்தில் நின்றாள். இரண்டு கையையும் உடம்போடு சேர்த்துக்கொண்டு, தலையை நேராக வைத்துக்கொண்டு. "இப்பச் சரியா இருக்கான்னு பாரும்மா."

"நான் பாக்க மாட்டேன் கண்ணு" என்றேன். திரும்பி நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு நேரம் கீழேயே காத்திருந்த அந்த மனிதர் பையை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போனார். எதிர் வீட்டில் மிக்சி ஓடி நின்றது. நான் திரும்பிப் பார்த்தபோது அவள் இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள், நான் பார்த்து முடிப்பதற்காக.